மூன்றடி இறங்கிய கல்

எனக்குக் கல்யாணம் ஆன அதே மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு மேடு பள்ளம் அளக்கும் லெவல் கருவி ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டில் எதை அவர் அதிகப் பிரியமாகப் பார்த்துக்கொண்டார் என்று நான் சொல்லப்போவதில்லை. பித்தளைக் குழாய், மூன்று கால், தேக்குப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் விரிக்க என் கல்யாணப் பட்டுத் துண்டு ஒன்று காணாமல் போனது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அவர் கண்மாய், வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் என்றதும் வேலை போயிற்று. அது அன்றைய வழக்கம். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை, நான் உள்பட.

ஆனால் கணக்கு என்னை விடவில்லை. என் வீட்டுக்காரர் எழுதும் ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் கிடையாது. மூன்று, ஐந்து, எட்டு மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருக்கும். அவருடைய லெவல் புத்தகத்தை மேலே இருந்த இஞ்சினியர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது நான் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் அளக்கும் இடத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு வருவதை, அவர் வாயால் சொல்லச் சொல்ல, நான் மையில் எழுதிக் கூட்டிக் கழித்துக் கொடுப்பேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உயரம் தெரிந்த ஒரு கல்லிலிருந்து தொடங்க வேண்டும். சர்க்கார் அந்தக் கல்லில் அம்புக்குறி செதுக்கி, அதன் உயரத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கும். அங்கிருந்து குழாய் வழியாக நம்பர் போட்ட கம்பைப் பார்த்துக்கொண்டே போனால், மற்ற இடமெல்லாம் அந்தக் கல்லுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று வந்துவிடும். மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்.

யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், ஒரு ஆவணி மாதம், சேத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். மேற்கே கையெட்டும் தூரத்தில் மலை. மலையில் மழை பெய்தால் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் சிவப்புத் தண்ணீர் வந்துவிடும். அந்த ஓடை ஒரு பெரிய கண்மாயில் விழுந்து நிறையும். நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் கலுங்கு என்கிற கல் அணையைத் தாண்டி வழிந்து, கீழே இருக்கிற இன்னொரு கண்மாய்க்குப் போகும். இரண்டு கண்மாய்க்கும் நடுவில், பெரிய கரையின் அடிவாரத்திலேயே, ஒரே ஒரு தெரு.

மேல் ஊர்க்காரர்களுக்குக் கலுங்கை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும், இரண்டாம் போகம் நிச்சயம். கீழ்க் கண்மாயை நம்பிய கீழ் ஊர்க்காரர்களுக்கு அது கூடவே கூடாது; அவர்களுக்கு வழிந்து வரும் தண்ணீர் குறைந்துவிடும். போன வருஷம் இந்தத் தகராறில் மண்வெட்டிக் காம்பால் இரண்டு பேருக்கு மண்டை உடைந்திருந்தது. அதனால்தான் சர்க்கார் அளந்து பார்க்கச் சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பியது.

அவர் கண்மாய்க் கரையை மேற்கே இருந்த கல்லிலிருந்து அளந்தார். கலுங்கு கிழக்குக் கடைசியில், ரயில் பாலத்துக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்ததால் அதை அந்தக் கல்லிலிருந்து அளந்தார். இரண்டு கல்லையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அது விதி. அவரும் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள் தூறல். அதற்கு மறுநாள் வண்டி கிடைக்கவில்லை. பிறகு இஞ்சினியரிடமிருந்து அவசரக் கடிதம். நான் கூட்டிக் கழித்ததில், பழைய கலுங்குக்கு மேலே கரையின் தாழ்ந்த இடம் ஐந்தரை அடி உயரத்தில் இருந்தது. ஒன்றரை அடி உயர்த்தினாலும் நாலு அடி மிச்சம். தாராளம். கலுங்கை உயர்த்தலாம் என்று உத்தரவு வந்தது. புரட்டாசி முடிவதற்குள் மேல் ஊர்க்காரர்கள் கல்லும் களிமண்ணும் வைத்து உயர்த்தியும் விட்டார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் ராஜபாளையத்திலிருந்து வந்து நிலம் பார்க்கும் ஒரு பண்ணையார். வீட்டில் தெலுங்கு பேசுபவர், நல்ல மரியாதைக்காரர். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தினம் ஒரு செம்பு பால் வந்தது. வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. காப்பி நன்றாக இருந்தது.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் துணி துவைக்க வாய்க்கால் துறைக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு சிநேகிதி சேர்ந்திருந்தாள். என் வயதுதான், களை எடுக்கப் போகிறவள், அவள் சிரித்தால் அக்கரையில் கொக்கு பறக்கும். என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அவள் துணியை அடித்துக் கொண்டிருந்த கல்லின் பக்கவாட்டில் சோப்பு நுரை வழிந்து இறங்க, அடியில் அம்புக்குறி தெரிந்தது. எங்கள் கல்! எனக்கு ஒரே பெருமை.

"பாத்து அடிங்க. அது சர்க்கார் கல்லு. அதுல இருந்துதான் எங்க வீட்டுல அவிய கரை பூராவும் அளந்தாக."

"எந்தக் கல்லு? இதா?" அவள் இரண்டு அடி கூடுதலாகவே அடித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏட்டி, கேட்டியா! டீச்சரம்மா வீட்டு ஐயா நாம தொவைக்கிற கல்லுல இருந்து ஊரையே அளந்துட்டாகளாம்!"

துறையில் இருந்த மூன்று நாலு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு என்ன வேடிக்கை என்று புரியவில்லை.

"இது மேல பிள்ளையார் மேட்டுல நட்டுக் கெடந்த கல்லும்மா. நான் வாக்கப்பட்டு வந்த வருசம், 'தொவைக்க ஒரு கல்லு இல்லாத ஊர்ல எங்கய்யா என்னயக் குடுத்துட்டாரு'ன்னு ஒருநா அழுதேன். மறுநா விடியுமுன்ன எங்க வீட்டுக்காரரும் அவரு அண்ணனும் கடப்பாறையப் போட்டு நெம்பி, உருட்டியாந்து இங்கன நட்டுட்டாக. எனக்குப் போட்ட நகை இதுதான்!"

நானும் சிரித்தேன். இரண்டு நொடி. பிறகு திரும்பிப் பிள்ளையார் மேட்டைப் பார்த்தேன். துறையிலிருந்து ஏறிப் போக வேண்டிய மேடு. என் இடுப்புக்குக் குறையாத உயரம். காகிதத்தில் எழுதியிருந்த உயரம் அந்த மேட்டில் இருந்த கல்லுக்கு. நாங்கள் தொடங்கியதோ கீழே வந்துவிட்ட கல்லிலிருந்து. அப்படியென்றால் கரை முழுவதும் நான் மையில் அழகாக எழுதிக்கொடுத்த உயரத்தைவிட அத்தனை தூரம் தாழ்வு. பாதித் துணியைப் பிழியாமலே வாளியில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையில் எடுத்த துண்டு வாய்க்குப் போகாமல் தட்டுக்கே திரும்பிற்று. எழுந்து, கைகூடச் சரியாகக் கழுவாமல், கம்பு பிடிக்கும் செயின்மேனைக் கூட்டிக்கொண்டு நேரே துறைக்குப் போனார். அங்கேதான் தப்புச் செய்தார். காக்கி டவுசரும் தொப்பியுமாக நின்று, "இந்தக் கல்ல இடம் மாத்தினது யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"கல்லா? எங்க பூட்டன் காலத்துல இருந்தே இங்கனதான் கெடக்கு" என்றாளாம் என் சிநேகிதி. மற்றவர்களும் தலையை ஆட்டினார்களாம். சர்க்கார் கல்லைப் பிடுங்கினால் ஜெயில் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பொம்பளைகளுக்குள்ள ஒரு பேச்சுப் பேசினா அத வீட்டுல போய் ஒப்பிப்பீகளா? எம் புருசன் கையில வெலங்கு மாட்டுறதப் பாக்கணுமா ஒங்களுக்கு?"

சுட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தப்புத்தான் என்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவளே கேட்டாள்.

"அந்தக் கல்லு அங்கன கெடந்தா என்ன, இங்கன கெடந்தா என்ன? யாருக்கு என்ன நட்டம்?"

"கரை நெசமாவே எம்புட்டு ஒசரம்னு தெரியாமலே கலுங்கத் தூக்கிட்டாக. இப்பப் பெரிய தண்ணி வந்தா கலுங்கு வழியாப் போறதுக்கு முன்னால கரை மேல ஏறிரும். மண்ணுக் கரை. மேல ஏறி வழிஞ்சா நிக்காது. கீழ இருக்கிற தெருதான்…"

அவள் புளியைக் கீழே வைத்தாள். "எங்க அக்காள அந்தத் தெருவுலதான் குடுத்திருக்கு."

"யாரு பேரும் வெளிய வராது. நான்தான எழுதுறேன்."

அவள் புளியை முறத்தால் மூடினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க" என்றாள். பிள்ளையார் மேட்டில், முள் புதருக்குப் பின்னால், சதுரமாக ஒரு குழி. சுற்றிலும் பழைய சுண்ணாம்புக் காரை அப்படியே இருந்தது. உள்ளே மழைத்தண்ணீர். "எங்க ஆட்டுக்குட்டிக தண்ணி குடிக்கிற எடம்" என்றாள். அப்போதும் சிரிக்கவில்லை.

மத்தியானமே என் வீட்டுக்காரர் குழியிலிருந்து கல்லுக்கு அளந்தார். மூன்று அடி, ஒரு விரல் குறைய. பிறகு, ஒரு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை, மேற்கிலிருந்து கிழக்கே ரயில் பாலத்துக் கல் வரைக்கும் வெயிலில் செய்து முடித்தார். சந்தேகமே இல்லை. கரைக்கும் உயர்த்திய கலுங்குக்கும் நடுவில் நாலு அடி இல்லை. ஒரே ஒரு அடி.

அவர் அழுததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அதிக நேரம் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எழுது" என்றார். இஞ்சினியருக்கு எழுதினேன். தவறு தன்னுடையது, இரண்டு கல்லையும் சேர்த்துப் பார்க்காதது தன் குற்றம் என்று ஒளிக்காமல் சொன்னார். கல் எப்படி இடம் மாறியது என்ற இடத்தில் நிறுத்தினார்.

"என்ன எழுத?" என்று என்னையே கேட்டார்.

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"யாருக்கும் தெரியாது" என்றார். அப்படியே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதற்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்தேன். கர்த்தர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இஞ்சினியர் வேறு தாலுகாவில் முகாம் போயிருந்தார். பதில் வர எத்தனை நாள் ஆகுமோ. மழை மேகம் மூடி, மலை உச்சி இரண்டு நாளாகக் கண்ணுக்கே தெரியவில்லை. மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பண்ணையாரைப் பார்க்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவரிடம் இல்லை.

பண்ணையார் முழுக்கக் கேட்டார். கோபமே காட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எழுத்துல குடுத்தீங்க. சர்க்கார் உத்தரவு வந்துச்சு. எங்க ஆளுக பத்து நா கல்லு தூக்கியிருக்காங்க. இப்பத் தப்புன்னு வாயால சொல்றீங்க. கீழூர்க்காரங்க வந்து பேசினாங்களோ?"

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. நான் குறுக்கே பேசினேன். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

"எங்க எழுத்த நம்பாதீங்க ஐயா. ஒங்க கண்ண நம்புங்க. குழாய் வழியா நீங்களே பாருங்க. கரையில ஒரு தடவ கம்ப வைக்கட்டும், கலுங்குல ஒரு தடவ வைக்கட்டும். நம்பர நீங்களே சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே பாதி ஊர். கரையில் கருவியின் மூன்று காலையும் நிறுத்தி, மட்டம் காட்டும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, "பாருங்க ஐயா" என்று என் வீட்டுக்காரர் ஒதுங்கினார். பண்ணையார் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். திடுக்கென்று நிமிர்ந்து, கம்பைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற செயின்மேனை வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ஏமண்டி இது! ஆளு தலைகீழா நிக்கான்!"

அந்தக் குழாய்களில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஊரே வரிசையில் வந்து, செயின்மேன் வானத்திலிருந்து தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு கிழவர் அவனுடைய வேட்டி ஏன் கீழே விழவில்லை என்று கேட்டார். அந்தச் சிரிப்பில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு பண்ணையார் நிதானமாக, விரலால் காற்றில் எழுதிக்கொண்டே, கரையில் ஒரு நம்பரும் கலுங்கில் ஒரு நம்பரும் படித்தார். தானே கழித்தார்.

"ஒரு அடி" என்றார். "போன வருசத் தண்ணி கலுங்கு மேல எம்புட்டு போச்சு?"

"முழங்காலுக்கு மேல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அதற்குமேல் யாரும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. தன் கையால் தூக்கி வைத்த கல்லைத் தானே எடுப்பதற்கு மனசு வர வேண்டுமே. பண்ணையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலுங்குக்கு இறங்கினார். முதல் கல்லை அவரே பெயர்த்தார். கனம் தாங்காமல் காலில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். பிறகுதான் மற்றவர்கள் இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்றரை அடியும் போயிற்று. பாலும் அன்றோடு நின்றது.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு வந்தது தண்ணீர். ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. முதலில் சத்தம், வண்டி நிறைய ஓட்டாஞ்சல்லியைக் கொட்டுவதுபோல. பிறகு ஓடையில் மரமும் மட்டையுமாக ஒரு பழுப்புச் சுவர். உச்சிப்பொழுதுக்குள் கண்மாய் நிறைந்து, கலுங்கின்மேல் முழங்காலுக்கு மேல் புரண்டு போயிற்று. கரையின் தாழ்ந்த இடத்தில் தண்ணீருக்கும் கரை மட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. நான் என் கையை வைத்தே பார்த்தேன். மேல் ஊர், கீழ் ஊர் என்று பாராமல் ஆட்கள் முள்ளும் மண்ணும் வெட்டிப் போட்டார்கள். என் சிநேகிதி கூடையில் மண் சுமந்தாள். அவளுடைய அக்காளும் பக்கத்தில் சுமந்தாள். இரண்டு பேர் சிரிப்பும் ஒரே மாதிரி இருக்கும்; அன்றைக்கு அக்காள் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. என் வீட்டுக்காரர் தொப்பி எங்கே போயிற்று என்று தெரியாமல் இடுப்பளவு சேற்றில் நின்றார். நாலு மணிக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கரை நின்றது. தெருவில் ஒரு சுவர்கூட விழவில்லை. கீழே ஓடைப் புறம்போக்கில் மிளகாய் போட்டிருந்த இரண்டு மூன்று குடும்பத்துக்கு மட்டும் எல்லாம் போயிற்று. அதை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த வருஷம் மேல் ஊரில் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் பற்றவில்லை. தை மாதம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயில் காலத்தில் கரையை முதலில் மூன்றடி உயர்த்தி, அதன் பிறகு கலுங்கைத் தொட்டார்கள். முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான். என் வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உத்தியோக உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அதை அவர் ஒரு தரம்கூட யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

சிநேகிதி என்னோடு பழையபடி பேசத் தொடங்க மூன்று மாதம் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்தனுப்பிய முறுக்கு முழுசாகத் திரும்பி வந்தது. பொங்கலுக்கு அவள் பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். "உள்ள வாங்க" என்றேன். வந்தாள். அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

மாற்றல் வந்து, மாட்டு வண்டியில் ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினோம். அப்போது எனக்கு ஏழாவது மாதம். ஜன்னல் ஓரம் வேண்டும் என்று அவர் பிடித்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை வழியில் வந்த ஒவ்வொரு கண்மாயையும் காட்டி, "இந்தக் கரை தெக்க தாழ்ந்திருக்கு", "அந்தக் கலுங்கு போதாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது, கீழே காய்ந்த மணலில் ஒரு குடும்பம் வெள்ளரிக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தது.

"மழைக்கு முன்னால பறிச்சிருவாகளா?" என்றார்.

"பறிச்சிருவாக. நீங்க இந்தப் புளிச்சோத்தச் சாப்பிடுங்க" என்று பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.